நாயுடுபேட்டையில் இறங்கியவர்

தோணிரேவு, பழவேற்காடு
21.11.1994

குணசுந்தரிக்கு,

நான் தேவகி. கோதண்டத்தின் மனைவி. நீ யார் என்பது எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். தெரிந்தும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். வாரத்தில் பாதி நாள் இறால் குஞ்சு வியாபாரம் என்று சூளூர்பேட்டைக்குக் கிளம்புவார். நானும் துண்டை மடித்துக் கையில் கொடுப்பேன். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று ஏலக்கரையில் நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். பொன்னேரி டாக்சி சந்தியாகு நண்டு வாங்க வந்தார். பொங்கல் லீவுக்கு நாங்கள் நெல்லூர் போக அவருடைய அம்பாசிடர் காரைத்தான் என் வீட்டுக்காரர் வாடகைக்குப் பேசிவைத்திருக்கிறார். பக்கத்தில் பெண்கள் இருக்கும்போதே சந்தியாகு, "இன்னாம்மா, சூளூர்பேட்டையில ஒரு அம்மாவும் பொண்ணும் ஏறிக்கிறாங்களாமே, சொந்தக்காரங்களா? ஆந்திரா பெர்மிட் எடுக்கணும், எத்தினி பேர்னு சரியா சொல்லிடுங்க" என்றார். சொந்தக்காரர்கள்தான் என்றேன். சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு லீவுக்காவது எங்காவது கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொன்னேரியில் சினிமா பார்த்ததுகூட பஸ்ஸில் போய்த்தான். இந்த ஊருக்குக் கார் வருவது டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வருகிறவர்களால். அவர்கள் கண்ணாடியை இறக்கி வழி கேட்பார்கள். நான் நண்டு வாசனைக் கையை நீட்டிக் காட்டுவேன். ஒருநாளாவது நானும் காரின் கண்ணாடியை இறக்கி யாரிடமாவது வழி கேட்க வேண்டும் என்று ஆசை. தீபாவளியன்று அவராகவே, காரில் நெல்லூர் போகலாமா என்று கேட்டபோது, இத்தனை வருடம் கழித்தாவது என் பேச்சு அவர் காதில் விழுந்ததே என்று நினைத்தேன். என் மகள் இந்திராணி அன்றைக்கே துணிகளை எடுத்துப் பையில் வைத்துவிட்டாள்.

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். முதலில் கேட்டது யார்? நீ கேட்டு, மிச்சமிருந்த சீட்டில் என்னை ஏற்றினாரா?

உன் முகவரியைச் சந்தியாகுவிடம் வாங்கினேன். தபால் வரும் நேரத்தில் அவர் வீட்டில் இருப்பதில்லை. பதில் எழுது.

தேவகி

*

சூளூர்பேட்டை
27.11.1994

அன்புள்ள அக்காவுக்கு,

குணசுந்தரி வணக்கம். உங்கள் கடிதத்தைத் தையல் மெஷின் மேல் வைத்துக்கொண்டு வேலை பார்த்ததில் யாருடைய ஜாக்கெட்டுக்கோ கையைத் திருப்பித் தைத்துவிட்டேன். பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்கவில்லை. எட்டு வருடத்தில் நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் இங்கே வந்தவர், சைலஜாவை மடியில் வைத்துக்கொண்டு, லீவுக்கு நெல்லூருக்குக் காரில் போகப்போகிறோம் என்றார். போகிறோம் என்றால் நாங்கள் மூன்று பேர் என்றுதான் புரிந்துகொண்டேன். நீங்களும் வருகிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும்.

அவர் நேற்று வந்தார். உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை. கார்க்காரர் மூலம் தெரிந்தது என்று சொல்லிக் கேட்டேன். கழுத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "கார் அவங்களுக்காகத்தான் பேசினேன். இங்க வந்தா பாப்பா மூஞ்சிய பார்த்து வாயில வந்துருச்சு. யாராவது ஒருத்தர் வரமாட்டேன்னு சொல்லிடுவீங்கனு இருந்தேன்" என்றார்.

ஆகவே கார் உங்களுக்காகத்தான் பேசப்பட்டது. மிச்சமிருந்த சீட்டு எங்களுடையது. உங்களுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்பதால் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். எனக்கு எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை.

உங்களைப் பற்றி அவர் இங்கே பேசுவதில்லை, சாப்பிடும்போது தவிர. நண்டுக் குழம்பை ஒரு வாய் போட்டதும், "அங்க வேற மாதிரி வெப்பாங்க" என்பார். அந்த 'அங்க' என்ற ஒரு வார்த்தையோடு எட்டு வருடமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
குணசுந்தரி

*

தோணிரேவு
3.12.1994

குணசுந்தரிக்கு,

முதலில், என்னை அக்கா என்று எழுதாதே. நான் உனக்கு அக்கா என்றால் நீ எனக்கு என்ன ஆகிறாய் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

எட்டு வருடமா? எனக்குத் தெரிந்தது நான்குதான். உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அந்த முந்தின நான்கு வருடத்தையும் மறுபடி வாழ்ந்து பார்த்தேன். இந்திராணிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, ஆரம்பாக்கம் பக்கம் ரோட்டில் வெள்ளம், பஸ் இல்லை என்று சொல்லி மூன்றாம் நாள் வந்தார். நான் அவர் தலையைத் துவட்டிவிட்டேன். அந்த வெள்ளம் உன் வீட்டுத் தெருவில்தான் ஓடியிருக்கிறது. எனக்குத் தெரியாமல் என்மீது பொறாமைப்பட உனக்கு எட்டு வருடம் கிடைத்திருக்கிறது. எனக்குப் பாதிதான் கிடைத்தது. அதனால்தான் இப்போது சேர்த்து எரிகிறது.

யாராவது ஒருத்தி வரமாட்டேன் என்று சொல்வாள் என்று நினைத்தாராம். அந்த ஒருத்தி நான் இல்லை. நீயும் உன் பெண்ணும் வேறு ஒரு லீவுக்கு எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளுங்கள்.

நண்டுக் குழம்புக்கு நீ புளி நிறைய விடுகிறாய் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்துக்காரர்கள் கை அப்படித்தான். சரியான பக்குவம் என்ன என்று நான் சொல்லப்போவதில்லை.

அவர் அங்கே வந்தால் பேசுவாரா? இங்கே வந்ததும் ரேடியோவைத் திருகிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். சும்மாதான் கேட்டேன். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

தேவகி

*

சூளூர்பேட்டை
9.12.1994

தேவகி அவர்களுக்கு,

பேசுவார். ஏரியில் எங்கே என்ன கிடைத்தது, எந்தக் குட்டையில் இறாலுக்கு நோய் விழுந்தது, ரயிலில் யார் சண்டை போட்டார்கள், எல்லாம் சொல்வார். சிரிக்கவும் சிரிப்பார். என்மேல் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. விருந்துக்கு வந்தவர் கோபப்படுவாரா? குழம்பு நன்றாக இல்லை என்றாலும் நேராகச் சொல்லாமல் 'அங்க' என்று உங்கள் பக்கம் கை காட்டிவிடுவார். உங்களிடம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவதுண்டு என்று அவரே ஒருமுறை சொன்னார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் முன்னால் அவர் ஒரு தட்டைத் தள்ளமாட்டாரா என்று இருந்தது.

அவருக்கு உங்களோடு கல்யாணம் ஆனது எனக்குத் தெரிந்தபோது சைலஜா வயிற்றில் இருந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

நெல்லூருக்கு நானும் வரமாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. சைலஜா தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். நேலபட்டுப் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடா பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்து டீச்சரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அது ஒரு காரணம். இன்னொன்று என்னுடையது. தடா செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் நான் அவருடைய மனைவி. அந்தப் பக்கம் நான் யாருமில்லை. இந்தப் பக்கத்திலும் இருட்டிய பிறகு வந்து விடியும் முன் கிளம்புகிறவரின் மனைவி. பகல் வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்க, அவர் இருக்கும் வண்டியில் நான் உட்கார்ந்ததில்லை. உங்களுக்குக் கண்ணாடியை இறக்கி வழி கேட்க ஆசை. எனக்கு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் போதும்.

குணசுந்தரி

*

தோணிரேவு
16.12.1994

குணசுந்தரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் தட்டைத் தள்ளிய நாட்களை எண்ணிப் பார்த்தேன். அதையெல்லாம் ஒருத்தி உட்கார்ந்து பொறாமைப்பட்டிருக்கிறாள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் கொஞ்சம் சந்தோஷமாகத் தட்டைக் கழுவியிருப்பேன்.

வந்து தொலை. இரண்டு பேரும் விடமாட்டோம் என்றால் வேறு என்ன செய்வது? சந்தியாகுவிடம் பெர்மிட்டுக்கு ஆட்களைச் சொல்லிவிட்டேன். மாட்டுப் பொங்கலன்று விடிந்ததும் இங்கிருந்து கிளம்புகிறோம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, தடா வழியாக வந்து உங்களை ரயில்வே கேட் அருகில் ஏற்றிக்கொள்கிறோம். பிறகு நேலபட்டு, நாயுடுபேட்டை, கூடூர், நெல்லூர். நெல்லூரில் ரங்கநாதர் கோயில். இந்திராணிக்கு ஒரு சினிமா. மறுநாள் மைப்பாட்டில் கடல் பார்க்கலாம் என்கிறார் அவர். கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கடலைப் பார்க்கக் கார் எதற்கு என்று நான் கேட்டேன். கூழைக்கடாவும் எங்கள் ஏரியிலேயே நிற்கிறது. இருந்தாலும் உன் பெண் டீச்சரிடம் சொல்லிவிட்டதால் அது இருக்கட்டும்.

ஆனால் சில விஷயம் இப்போதே பேசிவிட வேண்டும். முன் சீட்டில் சந்தியாகுவோடு அவர் உட்காரட்டும். பின்னால் ஒரு ஜன்னல் எனக்கு, ஒரு ஜன்னல் இந்திராணிக்கு. நீயும் உன் பெண்ணும் நடுவில். நெல்லூர் லாட்ஜில் இரண்டு அறை. ஒன்று எங்களுக்கு, ஒன்று உங்களுக்கு. அவர் சந்தியாகுவோடு காரில் படுக்கட்டும். சந்தியாகு உளறிவிட்டார் என்று ஆரம்பித்து இதை அவரிடம் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார். அவருக்கு இப்போதெல்லாம் தலையாட்டுவது சுலபமாக வருகிறது.

கடைசியாக ஒன்று. இந்திராணிக்கு ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு வயதுப் பெண். உன்னை அவருடைய சித்தப்பா மகனின் மனைவி என்றும், புருஷன் இறந்துவிட்டான் என்றும் சொல்லிவைக்கிறேன். நீ அதற்குத் தகுந்த மாதிரி வர வேண்டும். உன் பெண்ணுக்கும் சொல்லி வை.

தேவகி

*

சூளூர்பேட்டை
22.12.1994

தேவகி அவர்களுக்கு,

ஜன்னல் உங்களுக்கே. நடுவில் உட்காருகிறேன். நடுவில் இருந்து பழக்கம்தான். லாட்ஜ் ஏற்பாடும் சரி.

கடைசியில் சொன்னது முடியாது. உயிரோடு முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்காக நான் பின் சீட்டில் விதவையாக வரமாட்டேன். நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும்தான் ஏறுவேன். இந்திராணி கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன், உண்மையும் சொல்லமாட்டேன். சைலஜாவுக்கு ஏழு வயது. அவரை நைனா என்று கூப்பிடாதே என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். வாய் வரவில்லை. உங்களால் முடியுமா? உங்கள் மகளிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

இதற்கு நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் எழுதுங்கள். நாங்கள் வரவில்லை. சைலஜாவை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

குணசுந்தரி

*

தோணிரேவு
2.1.1995

குணசுந்தரிக்கு,

இந்திராணியிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. ஆகையால் ஒன்றும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பொட்டோடு வா.

சாப்பாடு நான் கட்டிக்கொண்டு வருகிறேன். புளிச்சோறும் வறுத்த கருவாடும். நீ எதுவும் சமைக்க வேண்டாம். யாருடையது நன்றாக இருக்கிறது என்று காரில் வைத்துத் தெரிய வேண்டியதில்லை.

தீபாவளிக்கு அவர் உனக்கு எடுத்த புடவை என்ன நிறம்? உடனே எழுது.

தேவகி

*

சூளூர்பேட்டை
6.1.1995

மயில் கழுத்து நிறம், மாம்பழக் கரை. உங்களுடையதும் அதுதானே? நான் அதைக் கட்டவில்லை. நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள்.

குணசுந்தரி

*

தோணிரேவு
20.1.1995

குணசுந்தரிக்கு,

அவர் அங்கே இருந்தால் உடனே அனுப்பி வை. வந்த பிறகு நான் கேட்டுக்கொள்கிறேன். நீ நடுவில் வராதே.

நானும் நாலு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். உன் வீட்டு வாசலில் உங்களை இறக்கிவிடும்போது, அவர் இங்கே இருப்பாரோ என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூட்டு தொங்கியது. சரி, என் வீட்டுக்குப் போயிருப்பார் என்று வந்தால் இங்கேயும் பூட்டு. அதற்குப் பிறகு உன்னிடம் வந்திருக்க வேண்டும். வேறு எங்கே போவார்?

இங்கிருந்து தடா வரை அவர் வாய் திறக்கவில்லை. இந்திராணி கேட்டதற்கெல்லாம் சந்தியாகுதான் பதில் சொன்னார். செக்போஸ்ட்டில் காகிதம் பார்க்கிறவன் குனிந்து உள்ளே பார்த்தபோது என் வீட்டுக்காரருக்கு வேர்த்தது. சூளூர்பேட்டையில் நீ ஏறினாய். ஏறியதும் அவர் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார் பார், நிறுத்தவேயில்லை. பதினைந்து வருடத்தில் நான் கேட்காத அந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். இது யார் குரல் என்று இருந்தது. ஜன்னல் எனக்குக் கிடைத்தது. ஆனால் நான் வெளியே பார்க்கவில்லை.

நேலபட்டில் உன் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு பறவை காட்டினார். இந்திராணி பின்னால் நடந்து வந்தாள். பறவையைப் பார்க்கவில்லை. அவர் தோளையே பார்த்தாள். அப்புறம் நடந்தது உனக்கும் தெரியும். வண்டி கிளம்பியதும் சைலஜா, "நைனா, தண்ணி" என்றாள். இந்திராணி அவளைத் திரும்பிப் பார்த்து, "அது எங்க நைனா" என்றாள். உன் பெண் விடவில்லை. "எங்க நைனாதான்" என்றாள். இரண்டு பேரும் முன் சீட்டைப் பார்த்துக்கொண்டு அவர் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். நானும்தான் காத்திருந்தேன். நாயுடுபேட்டை வந்தது. டீ குடித்துவிட்டு வரலாம் என்று வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போனவர் வரவில்லை. கூடூர் பஸ் கிளம்பும்போது அதில் தாவி ஏறியதை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

வண்டியைத் திருப்பட்டுமா என்று சந்தியாகு கேட்டார். திருப்பியிருந்தால் இந்தப் பயணம் அவருடையதாகப் போயிருக்கும். அதனால்தான் நெல்லூருக்கே விடச் சொன்னேன். நீ மறுப்பாய் என்று நினைத்தேன். நீ தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சைலஜாவிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாய். கோயில் பார்த்தோம், சினிமா பார்த்தோம், கண்ணாடியை இறக்கி ரங்கநாதர் கோயிலுக்கு வழி கேட்டேன். அந்த ஆள் தெலுங்கில் சொன்னது எனக்குப் புரியவில்லை. நீதான் புரிந்து சொன்னாய். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒன்று கேட்க வேண்டும். நாயுடுபேட்டையில் இறங்கும்போது உன் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொன்னார்? எங்கே போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாரா?

தேவகி

*

சூளூர்பேட்டை
24.1.1995

அக்கா,

அவர் இங்கே இல்லை. நீங்கள் நம்ப வேண்டும். நான் அவர் உங்களிடம்தான் இருக்கிறார் என்று நினைத்து, முதல் மனைவி அவள், ஊரறியத் தாலி கட்டிக்கொண்டவள் அவள், அவளிடமே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று இத்தனை நாளும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் அங்கேயும் இல்லை என்று தெரிந்தது.

அவர் என்னிடம் குனிந்து சொன்னது இதுதான். "உனுக்கு டீயா காப்பியா?" என்று கேட்டார். டீ என்றேன். அவ்வளவுதான். உங்களிடம் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். என்னிடம்தான் எட்டு வருடம் கழித்தும் கேட்க வேண்டியிருக்கிறது. நெல்லூர் வரை நான் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

லாட்ஜில் சைலஜா உங்கள் அறைக்கு ஓடிவந்து இந்திராணி பக்கத்தில் படுத்துக்கொண்டதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. போர்வையை இழுத்துவிட்டீர்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அதற்காகவும் உங்கள்மேல் பொறாமையாக இருந்தது. என் பெண்ணுக்கு ஒரு கூடப்பிறந்தவளை என்னால் கொடுக்க முடியவில்லை.

அக்கா, அவர் எங்கே போயிருப்பார்? ஏரியில் வலை போடத் தண்ணீரில் இறங்குகிறவர். மனசு சரியில்லாமல் இருந்தால் ஆழம்கூடப் பார்க்கமாட்டார். உங்கள் பக்கம் தோணிக்காரர்களிடம் கேளுங்கள். நான் கூடூர் பக்கம் இறால் குட்டைகளில் விசாரிக்கிறேன்.

குணசுந்தரி

*

தோணிரேவு
28.1.1995

குணசுந்தரி,

இங்கே எந்தக் கரையிலும் இல்லை. ஏரியில் போகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஏன் தேடுகிறாய் என்று கேட்டார்கள். ஆந்திராவில் வேலையாக நின்றுவிட்டார், வீட்டில் அவசரம் என்று சொன்னேன். சந்தியாகு இரண்டு முறை வந்து போனார். யாரிடமும் வாய் திறக்கவில்லை, நல்ல மனிதர்.

இந்திராணி என்னோடு பேசுவதில்லை. எல்லாம் தெரிந்துகொண்டாள். யாரும் சொல்லவில்லை. பெண்ணுக்குச் சொல்ல வேண்டுமா என்ன? நேற்று சாப்பிடும்போது, "நீ முன்னாடியே சொல்லியிருந்தா நான் அந்தப் பாப்பாகிட்ட சண்டை போட்டிருக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாளா? கூடூரில்? இருந்தால் எனக்கு எரிவதில் பாதியை நீ எடுத்துக்கொள். இதை எழுதும்போதே உன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் யார்மேல்தான் கோபப்படுவது?

அவர் உயிரோடு இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். உன் வீட்டில் இருந்தாலும் போதும் என்றுகூட நேற்று ஒரு நேரம் நினைத்தேன். அந்த நேரம் போய்விட்டது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. தெரிந்ததும் எழுது. கார்டு போதும்.

தேவகி

*

சூளூர்பேட்டை
3.2.1995

அக்கா,

கிடைத்துவிட்டார். முதலில் அதை எழுதிவிடுகிறேன். நன்றாக இருக்கிறார்.

மூன்றாவது ஆள் யாருமில்லை. கூடூரைத் தாண்டி ஒரு இறால் குட்டையில் காவல்காரராக இருந்தார். சைலஜாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். இறால் தீனி மூட்டைகளுக்கு நடுவில் தாடியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அங்க இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார். முதல் கேள்வி அதுதான் அக்கா. நான் பஸ் மாறி மாறி, வெயிலில் குட்டை குட்டையாக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவருக்கு உங்கள் பயம்தான் முதலில் வந்தது. அந்த பயத்தில் ஒரு துளி எனக்கு வைத்திருந்தாலும் நாயுடுபேட்டையில் என்னையும் பெண்ணையும் விட்டுவிட்டுப் போயிருக்கமாட்டார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு புள்ளைங்களும் ஒண்ணா மூஞ்சிய பாக்குதுங்க. யார பார்த்து இன்னானு சொல்றது? எது சொன்னாலும் ஒண்ணு அழும்" என்றார். இப்போது மட்டும் எத்தனை பேர் அழுதார்கள் என்று கேட்டேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சோறு போட்டேன். இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றார். முதல் தடவையாக அப்படிச் சொன்னார். எட்டு வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. ஆனால் உங்களுக்குப் பயந்து சொன்ன வார்த்தை. அதை நான் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சைலஜாவைக் கூப்பிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, தனக்கு அங்கே ஒரு வீடு உண்டு, இந்திராணி அவளுக்கு அக்கா என்று சொன்னார். "அப்போ நான் சொன்னதும் கரெக்ட், அவ சொன்னதும் கரெக்ட்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவ்வளவு சுலபமாக அது முடிந்துபோனது.

இனி இந்திராணியிடமும் அவர்தான் சொல்ல வேண்டும். நாளை காலை ரயிலில் ஏற்றிவிடுகிறேன். பொன்னேரியில் இறங்கி வந்துவிடுவார். அனுப்ப மனமில்லாமல்தான் அனுப்புகிறேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான்.

குணசுந்தரி

*

தோணிரேவு
13.2.1995

குணசுந்தரி,

வந்தார். பொன்னேரியிலேயே தாடியை எடுத்துவிட்டு வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிட்டால் வரலாம் என்பதுபோல நின்றார். நான் கூப்பிடவில்லை. இந்திராணி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

அவளிடம் சொன்னார். இவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. பாவம், திக்கித் திணறி முழுவதையும் சொல்லி முடித்தார். அவள் கேட்டுவிட்டு, "நைனா, நீ இன்னா பயத்துல பஸ் ஏறின? நான் ஏறலையே, அந்தச் சின்னப் பொண்ணும் ஏறலையே" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் உள்ளே போய்விட்டேன். பிறகுதான் சாப்பிடக் கூப்பிட்டேன்.

உன்னிடம் இருந்துவிடுகிறேன் என்று சொன்னாராமே. அதை நீ எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினாய். படித்ததும் கடிதத்தைக் கிழிக்கலாம் என்று எடுத்தேன், கிழிக்கவில்லை. என்னிடம் அவர் அப்படிச் சொன்னதே கிடையாது. இருக்கிற வீட்டில் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். எனக்கும் உன்மேல் பொறாமைதான், எதுவும் தீரவில்லை.

இனி வாரத்தில் எந்த நாள் எங்கே என்று முன்பே சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வியாபாரம் என்ற பேச்சே கூடாது. போகும்போது வெளிச்சத்தில் போகட்டும்.

நண்டுக் குழம்புக்குப் புளியைக் குறைத்து, இறக்கும் முன் பச்சை மிளகைத் தட்டிப் போடு. அந்த 'அங்க' என்ற வார்த்தை உன் வீட்டில் கேட்க வேண்டாம்.

மே மாத லீவுக்குச் சந்தியாகுவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இந்திராணி காளஹஸ்தி என்கிறாள். சைலஜாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது. ஜன்னல் மாற்றி மாற்றி உட்காரலாம். அவர் வருகிறாரா இல்லையா என்று நான் இன்னும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

இன்னொரு விஷயம். உன் போன கடிதம் வந்தபோது அவர் வீட்டில் இருந்தார். உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டார். நான் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "இன்னா எழுதிக்கிறா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டார். என்னைப் பற்றியா என்று கேட்டார். இல்லை, எங்கள் விஷயம் என்றேன். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதெல்லாம் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் முதலில் எழுந்து வாசலுக்குப் போவது அவர்தான். எந்தக் கவர் வந்தாலும் உன்னுடையதோ என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிரிக்கத் தைரியம் வரவில்லை, என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்.

ஆகையால் கார்டில் எழுதாதே. கவரிலேயே எழுது, நிறைய எழுது.

தேவகி